வீல்சேரோடு ஷட்டில் ஆடலாமா? மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு, கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்கல்வி ஆசிரியர்கள், பெற்றோர், ஷட்டில் கிளப் நடத்துபவர்கள், புதிதாக வீல்சேருக்கு வந்தவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. தனி அணி கட்டுவதைப் பற்றி இதில் அதிகம் இல்லை. ஏற்கெனவே நடக்கிற ஆட்டத்துக்குள் ஒருவரைச் சேர்க்க என்ன வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

பி.இ.டி. பீரியடுல என் பொண்ணை ஓரமா உட்கார வச்சு ஸ்கோர் எழுதச் சொல்றாங்க. மத்த பிள்ளைங்களோட அவளால நிஜமாவே விளையாட முடியுமா?

முடியும். "என்ன குறைபாடு" என்று தொடங்காமல், அந்த ஆட்டத்தில் எந்தச் செயல் தடைபடுகிறது என்று பாருங்கள். நகர்வதா, பிடிப்பதா, பார்ப்பதா, கேட்பதா, விதியைப் புரிந்துகொள்வதா? பெரும்பாலும் ஒன்றுதான் பெரிய தடையாக இருக்கும். அதற்கு மட்டும் ஒரு கருவியோ ஒரு விதி மாற்றமோ போதும். மற்றதையெல்லாம் தொடாதீர்கள். ஐந்து மாற்றங்களை ஒரே நாளில் செய்தால் அது வேறு ஆட்டமாகிவிடும். மற்ற பிள்ளைகள் மெல்ல நழுவிவிடுவார்கள்.

பள்ளி மறுத்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் விளையாட்டிலும் சம வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. பிரிவு 30 விளையாட்டுக்கென்றே இருக்கிறது. சண்டைக்குப் போகும் முன், இந்த இரண்டு எண்களையும் குறிப்பிட்டுத் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள். பல இடங்களில் அதுவே போதும்.

கருவின்னாலே லட்சக்கணக்குல ஆகுமே, எங்களால முடியுமா?

விலை கூடியவை இரண்டுதான்: விளையாட்டு வீல்சேர், ஓட்டத்துக்கான கார்பன் ஃபைபர் பிளேடு (வில்போல வளைந்த செயற்கைக்கால்). இந்தப் பக்கத்தில் வரும் மற்றவற்றில் பெரும்பாலானவை தையல் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைப்பவை. வெல்க்ரோ பட்டை, கெட்டி ஃபோம், நைலான் நாடா, கொடித்துணி, பளிச்சென்ற நிறத்தில் டேப்.

ஓர் எடுத்துக்காட்டு. பார்வையற்ற பிள்ளை கால்பந்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே சலங்கை வைத்த பந்து கைவசம் இல்லை. சாதாரணப் பந்தைச் சரசரக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்று இல்லாமல் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். உருளும்போது சத்தம் கேட்கும். கால்மணி நேரத்தில் பை கிழியும், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பந்து நின்றுவிட்டால் சத்தமும் நின்றுவிடும். அதனால் "நின்ற பந்தைப் பக்கத்தில் இருப்பவர் காலால் லேசாகத் தட்ட வேண்டும்" என்ற ஒரு விதி கூடவே வேண்டும்.

அரசாங்கத்துல கொடுத்த வீல்சேர்லயே ஷட்டில் ஆடலாமா?

பழகிப் பார்க்க ஆடலாம். மடக்கும் வீல்சேர் என்றால் முதலில் கழற்ற வருகிற பக்கவாட்டுக் கைப்பிடிகளைக் கழற்றுங்கள். அவை இருந்தால் கை சக்கரத்தை முழுதாக அணைத்துத் தள்ளாது. காற்று டயராக இருந்தால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்குக் காற்று நிரப்புங்கள். முன்சக்கர அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் எடுங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுப்பதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். இடுப்புக்கு ஒரு பட்டை, பாதங்களுக்கு ஒரு பட்டை போடுங்கள். பிரேக் கம்பி கட்டைவிரலில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரிய ஆபத்து பின்னால் சாய்வது. தலைக்கு மேலே வரும் ஷட்டிலை எட்டி அடிக்கும்போது உடல் எடை பின்சக்கர அச்சைத் தாண்டிப் போகும், நாற்காலி மல்லாந்துவிடும். பின்பக்கம் சாயாமல் தாங்கும் சிறு சக்கரங்கள் இல்லாமல் ஷட்டில் ஆட விடாதீர்கள். ஷட்டிலுக்கென்றே செய்த நாற்காலிகளில் பின் தாங்குசக்கரம் நன்றாகப் பின்னால் நீண்டிருப்பது இதனால்தான். பழைய நாற்காலியில் வெல்டு வைத்த கைப்பிடியை அறுத்து எடுக்க நினைப்பவர்கள் பொறுங்கள். பல மாடல்களில் அந்தக் குழாய்தான் சட்டத்தையே பிடித்து நிறுத்துகிறது.

ஸ்போர்ட்ஸ் வீல்சேர்ல சக்கரம் ஏன் சாய்ஞ்சிருக்கு? எங்க ஊரு வெல்டிங் பட்டறையில செஞ்சுக்கலாமாங்க?

மேலே குறுகி, தரையில் அகன்று இருக்கும் அந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். ஷட்டில், கூடைப்பந்து, டென்னிஸ் நாற்காலிகளில் பெரும்பாலும் 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும். அடித்தளம் அகலமாவதால் பக்கவாட்டில் கவிழாது, சட்டென்று திரும்பும், இன்னொரு நாற்காலி மோதினால் சக்கரத்தின் அடிப்பாகம்தான் முதலில் படும், விரல்கள் தப்பும். இதற்கு ஈடாக நாற்காலி அகலமாகிவிடும். வீட்டுக் கதவிலும் கழிப்பறைக் கதவிலும் அது நுழையாது. ஆகவே அது அன்றாட நாற்காலிக்கு மாற்று இல்லை.

பட்டறையில் சட்டம் செய்ய முடியும். சிக்கல் வரும் இடம் ஒன்று உண்டு. சாய்ந்த சக்கரங்களைத் தாங்கும் குறுக்குக் குழாய் தன் அச்சில் துளி திரும்பியிருந்தாலும், இரண்டு சக்கரங்களும் முன்பக்கம் நெருங்கியோ விலகியோ நிற்கும். பார்த்தால் தெரியாது, தள்ளினால் பிரேக் பிடித்தபடி ஓடுவது போலக் கனக்கும். சோதிக்க ஓர் அளவு டேப் போதும்: ஆள் உட்கார்ந்த நிலையில், அச்சின் உயரத்தில், சக்கரங்களின் முன் விளிம்புகளுக்கு இடையே அளந்து, அதே உயரத்தில் பின் விளிம்புகளுக்கு இடையேயும் அளக்க வேண்டும். வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். முன்சக்கரத்தை வேறு அளவுக்கு மாற்றினாலும் சட்டம் சாய்ந்து இந்தக் கணக்கு கெடும், மறுபடி அளக்க வேண்டும்.

நாங்கள் சொல்வது: சட்டத்தைத் தெரிந்த தயாரிப்பாளரிடம் வாங்குங்கள், பட்டைகள், மெத்தை, கால் தடுப்பு, பின் தாங்குசக்கரம் ஆகியவற்றை உள்ளூரில் செய்துகொள்ளுங்கள். வெல்டிங் சூட்டில் குழாய் வளைவதை அச்சுச்சட்டம் (குழாய்களை அசையாமல் பிடித்து நிறுத்தும் சட்டம்) இல்லாத பட்டறை கட்டுப்படுத்த முடியாது.

வீல்சேர் ஆர்டர் பண்ண என்னென்ன அளவு எடுக்கணும்? வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசா வாங்கிடலாமா?

பெரிதாக வாங்காதீர்கள். பள்ளிச் சீருடைக்குச் சரிப்படும் யோசனை இதற்கு ஆகாது. இருக்கை அகலமானால் கைகள் உடலை விட்டு விலகி நின்று தள்ளும், தோள்மூட்டு வலிக்கும், பையன் இடுப்பைத் திருப்பினாலும் நாற்காலி திரும்பாது. வளர்ச்சிக்கு இடம் வேண்டுமானால் இருக்கை ஆழத்தையும் கால் தாங்கியையும் நகர்த்தக்கூடிய மாடலாகக் கேளுங்கள்.

கெட்டியான பெஞ்சில், விளையாடும் உடையோடு, ஷூவோடு உட்கார வைத்து அளக்க வேண்டும். இடுப்பின் அகன்ற இடம்: விளையாட்டு நாற்காலிக்கு அதே அளவுதான் இருக்கை அகலம், இடைவெளி வேண்டாம். பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை அளந்து, அதில் 3 முதல் 5 செ.மீ. குறைத்தால் இருக்கை ஆழம். முழங்காலின் உட்பக்கத்திலிருந்து குதிகால் வரை ஓர் அளவு. முதுகுச் சாய்வின் உயரம் உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் வலுவைப் பொறுத்தது: வலு அதிகமானால் சாய்வு தாழ்வாக இருக்கலாம். சக்கரத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கையின் உட்கோணம் 100 முதல் 120 டிகிரி இருக்க வேண்டும். இந்தக் கடைசி அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாற்காலி வந்த பிறகு இதைத்தான் மாற்றவே முடியாமல் போகிறது.

அவ வீல்சேர்ல, எதிர்ல ஆடுறவ நின்னுக்கிட்டு. ஷட்டில்ல ரூல் எப்படி வைக்கிறது?

வீல்சேர் பேட்மிண்டன் ஒற்றையரில் கோர்ட்டின் அகலத்தில் பாதிதான் ஆடுகளம். வலைக்கும் முன் சர்வீஸ் கோட்டுக்கும் இடையிலுள்ள 1.98 மீட்டரில் விழுந்தால் அவுட். வலை உயரம் மாறாது. அடிக்கும் நேரத்தில் உடல் இருக்கையை விட்டு எழும்பக்கூடாது. இந்த விதிகளை வீல்சேர்க்காரரின் பக்கத்துக்கு அப்படியே வையுங்கள். நிற்பவருக்கும் பாதி அகலம் கொடுங்கள், ஆனால் முன்பகுதி அவருக்கு உள்ளே. 11 புள்ளி ஆடிப் பாருங்கள். வீல்சேர்க்காரர் எளிதாகத் தோற்றால் நிற்பவரின் பக்கத்தை முழு அகலமாக்குங்கள். ஆளுக்கு ஆள் இலவசப் புள்ளி கொடுத்துத் தொடங்குவது வேண்டாம், அதை யாரும் ரசிப்பதில்லை.

டென்னிஸில் இந்தக் குழப்பமே இல்லை. வீல்சேர்க்காரரும் நின்று ஆடுபவரும் மோதினால், முன்னவருக்கு இரண்டு பவுன்ஸ், பின்னவருக்கு ஒன்று என்று சர்வதேச டென்னிஸ் விதிப்புத்தகமே சொல்கிறது. இரண்டாவது பவுன்ஸ் கோர்ட்டுக்கு வெளியே விழுந்தாலும் சரி. இரட்டையர் ஆட்டத்தில் வேறொரு கவலை உண்டு: நாற்காலியும் கூட்டாளியின் கணுக்காலும் மோதுவது. யார் எந்தப் பகுதி என்று தரையில் டேப் ஒட்டிப் பிரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

டேபிள் டென்னிஸ்?

ஒன்றாக ஆட இதைவிட எளிய ஆட்டம் கிடையாது. மேசைக் கால்கள் முனைக் கோட்டிலிருந்து 40 செ.மீ.யாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும்; இல்லையென்றால் முழங்கால் இடிக்கும். வீல்சேரில் இருப்பவருக்குப் போடும் சர்வீஸ் அவர் பக்கத்தில் பட்டுப் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி ஓடினாலோ, வலைப் பக்கம் திரும்பினாலோ, மேசையிலேயே நின்றாலோ "லெட்", அதாவது புள்ளி இல்லாமல் மறுபடி சர்வீஸ். இந்த ஒரு விதி போதும். இருக்கை தாழ்வாக இருந்தால் கெட்டி ஃபோம் மெத்தை போட்டு உயர்த்துங்கள்.

கை இல்லாதவர்கள் சர்வீஸ் போடும் முறை பற்றியும் கேட்கிறார்கள். உள்ளங்கையில் பந்தை வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பது பொது விதி. உடல் குறைபாடு தடுக்கிறது என்று நடுவருக்குத் தெரிந்தால் அவர் அதைத் தளர்த்தலாம் என்பதும் அதே விதிப்புத்தகத்தில் உண்டு. போலந்தின் நடாலியா பார்டிகா வலது முன்கை இல்லாமல் பிறந்தவர். பந்தை வலது முழங்கை மடிப்பில் வைத்துத் தூக்கிப் போட்டு, 2008 பெய்ஜிங்கில் ஒலிம்பிக்ஸ், பாராலிம்பிக்ஸ் இரண்டிலும் ஆடினார்.

கைல பிடி நிக்கல. பேட்டைக் கட்டிவிடலாமா?

கட்டலாம். அகலமான கிரேப் பேண்டேஜ் அல்லது வெல்க்ரோ கையுறை. பேட்டின் பிடியில் முதலில் ஃபோம் சுற்றித் தடிமனாக்குங்கள். சிலருக்கு அதுவே போதும், கட்டவே தேவைப்படாது. கட்டினால் மணிக்கட்டு அசைய இடம் விட்டு, விரல் நுனிகள் வெளியே தெரியும்படி கட்டுங்கள். நுனி வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்க்க வேண்டும். உணர்ச்சி இல்லாத கையில் "வலிக்குதா" என்று கேட்பதில் பயனில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, தோலைக் கண்ணால் பாருங்கள்.

கண்ணு தெரியாத தம்பி தெருப் பசங்களோட கிரிக்கெட் ஆடணும்னு அடம்பிடிக்கிறான். என்ன பண்ண?

பார்வையற்றோர் கிரிக்கெட் பந்து கெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே பேரிங் குண்டுகள் கிடந்து குலுங்கும். கையைத் தாழ்த்தி உருட்டி வீச வேண்டும், பிட்ச்சின் பாதிக்கு முன்பே பந்து தரையைத் தொட்டிருக்க வேண்டும். வீசுபவர் தயாரா என்று கேட்டு, பதில் வந்த பிறகு, "ப்ளே" என்று குரல் கொடுத்து விடுவார். முழுப் பார்வையின்மை உள்ள பி1 ஆட்டக்காரர் எடுக்கும் ரன் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். தெரு ஆட்டத்தில் இவற்றை அவர் பேட் செய்யும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் வழக்கமான டென்னிஸ் பந்திலேயே ஆடட்டும்.

மணல் தரையும் புல்லும் குண்டுகளின் சத்தத்தைத் தின்றுவிடும். சிமென்ட் தரையோ கெட்டி மண்ணோ வேண்டும். பந்து வரும் அந்த இரண்டு நொடியில் எல்லாரும் வாயை மூட வேண்டும். பெரியவர்கள்தான் இதில் மோசம்: சுற்றி நின்று "இடது பக்கம்! அடி! அடி!" என்று கத்துவார்கள். ஸ்டம்ப் இரும்புக் குழாயாக இருந்தால், தட்டிப் பார்த்து அவர் தன் இடத்தைக் கண்டுகொள்வார். பந்து கனமானது, மேலே எழும்பினால் அடிபடும். பக்கத்தில் நிற்கும் சிறு பிள்ளைகளை விலக்குங்கள்.

ஸ்போர்ட்ஸ் டேயில பார்வையில்லாத பிள்ளை நூறு மீட்டர் ஓடணும். யாராவது கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினா போதுமா?

கையைப் பிடித்தால் இருவரின் கைவீச்சும் கெட்டுவிடும். ஓர் அடி நீளமுள்ள, இழுபடாத நைலான் நாடாவின் இரு முனையிலும் வளையம் தைத்து, ஆளுக்கொன்றை விரல்களில் மாட்டிக்கொள்ள வேண்டும். எலாஸ்டிக் கூடாது: அது தாமதமாகத் தகவல் சொல்லும், வளைவில் சுண்டி இழுக்கும். நீளமான கயிறும் காலில் சிக்கும். இருவருக்கும் சேர்த்து இரண்டு லேன் ஒதுக்குங்கள்.

வழிகாட்டி, ஓட்டக்காரரைவிட வேகமானவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் பேச மூச்சிருக்காது. முதலில் சேர்ந்து நடந்து, உள்கைகள் ஒன்றாக வீசுமாறு கால்களைப் பொருத்திக்கொள்ளுங்கள், பிறகு மெல்ல ஓடுங்கள். வழிகாட்டி இழுக்கக்கூடாது. எல்லைக்கோட்டை ஓட்டக்காரர்தான் முதலில் தொட வேண்டும். வழிகாட்டி முந்தினால் தகுதிநீக்கம். பள்ளியில் இதில்தான் அடிக்கடி சறுக்கல், ஏனென்றால் வழிகாட்டிப் பையனுக்கும் ஜெயிக்க ஆசை.

காது கேட்காத பிள்ளைக்குக் கருவி எதுவும் வேணாமே, அப்படியே சேர்த்துக்கலாம் இல்ல?

சேர்க்கலாம், இரண்டு திருத்தங்களோடு. ஓட்டத்துக்கு விசிலோடு கொடியும் அசைய வேண்டும், ஓடுபவரின் கண்பார்வையில். பின்னால் நின்று அசைத்தால் அவர் தலையைத் திருப்பித் தொடக்கத்தை இழப்பார். குழு ஆட்டத்தில் நடுவர் விசில் அடித்தவுடன் கையை உயர்த்த, அருகில் இருப்பவர்களும் கையை உயர்த்தி நிற்க வேண்டும். பயிற்சியாளர் வெயில் தன் முகத்தில் படும்படி நின்று பேசினால் உதட்டசைவு தெரியும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் நிழலாகிவிடும்.

காதுக் கருவிக்கு வியர்வை எதிரி. ஆட்டம் முடிந்ததும் துடைத்து, பேட்டரி அறையைத் திறந்து உலரவிடுங்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையால் உட்காதில் பொருத்தும் கருவி) உள்ளவர்களைக் கபடி போன்று தலையில் அடிபடக்கூடிய ஆட்டங்களில் சேர்க்கும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். மதுரையின் ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த, காது கேளாதோருக்கான டெஃப்லிம்பிக்ஸில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வென்றார். அங்கே போட்டியில் காதுக் கருவி அணியவே அனுமதி இல்லை.

ஜெய்ப்பூர் கால் போட்டுக்கிட்டு ஓடலாமா, பிளேடுதான் வாங்கணுமா?

நடைக்கும் மெல்லோட்டத்துக்கும், ஷட்டில், கிரிக்கெட் போன்றவற்றுக்கும் அன்றாடச் செயற்கைக்காலே போதும். பிளேடில் குதிகால் கிடையாது. அதை மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதே சிரமம். தனி சாக்கெட் (எஞ்சிய காலை நுழைக்கும் கூடு), தனிச் சீரமைப்பு வேண்டும். நேராகத் தொடர்ந்து ஓடுபவருக்கே அது பயன்.

வெயிலில் செயற்கைக்கால் சரிப்படாமல் போகக் காரணம் பெரும்பாலும் வியர்வை. தோலுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே அணியும் உறையான லைனருக்குள் வியர்வை தேங்கினால் கால் சாக்கெட்டுக்குள் வழுக்கும், தோல் உரியும். 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி, லைனரையும் தோலையும் துடைத்து மாட்டுங்கள். ஆட ஆட எஞ்சிய காலின் பருமன் குறைந்து சாக்கெட் தொளதொளக்கும்; எஞ்சிய காலில் மாட்டும் ஸ்டம்ப் சாக்ஸ் ஒன்று கூடுதலாகப் போட்டால் சரியாகும். கழற்றியபின் பத்து நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அன்றைக்கு ஆட்டம் போதும். சாக்கெட்டைத் திருத்த வேண்டும்.

கருவி இல்லாமலே ஆடுவதும் ஒரு வழிதான். சேலம் மாவட்டத்தின் மாரியப்பன் தங்கவேலு சிறுவயது விபத்தில் வலது காலில் அடிபட்டவர். செயற்கைக் கருவி எதுவும் இல்லாமல், 2016 ரியோ பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

முதுகுத்தண்டுல அடிபட்டவரை வெயில்ல ஆட விடலாமா? பயமா இருக்கு.

பயம் நியாயமானது. அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, அதனால் உடல் சூடு தணியாது. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர், கழுத்துக்கு ஈரத் துண்டு, காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பிறகோ ஆட்டம். சிறுநீர்க் கவலையால் சிலர் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள்; அது மிகத் தவறு. மெத்தை இல்லாமல் உட்காரக்கூடாது. கால்மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கியோ முன்னால் சாய்ந்தோ அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். அன்று இரவு கண்ணாடி வைத்து இடுப்புத் தோலைப் பார்க்க வேண்டும்.

டி6 எலும்பிலோ (மார்புப் பகுதி முதுகெலும்புகளில் ஆறாவது) அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இன்னோர் ஆபத்து: திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து மேலுடம்பில் வியர்ப்பது, ரத்த அழுத்தம் எகிறுவது. நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்), இறுக்கிய பட்டை ஆகியவை காரணமாகலாம். படுக்க வைக்காதீர்கள்; நிமிர்ந்தே உட்கார வைத்து, பட்டைகளைத் தளர்த்தி, கதீட்டர் மடிப்பைப் பாருங்கள். உடனே தணியாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அணியில் குறைந்தது இருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

செஸ்ல பார்வையில்லாதவங்க ஓப்பன் டோர்னமென்ட்ல ஆட விடுவாங்களா?

விடுவார்கள், சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளிலேயே அதற்குத் தனி இணைப்பு உண்டு. அவருக்கு வேறு பலகை: கருப்புக் கட்டங்கள் சற்றே உயர்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை இருக்கும். காய்களின் அடியில் ஆணி, கருப்புக் காய்களின் தலையில் ஒரு குறி. தடவிப் பார்ப்பது "தொட்ட காய்" ஆகாது. துளையிலிருந்து உருவினால்தான் ஆகும். எதிராளி தன் வழக்கமான பலகையில் ஆடலாம். நகர்த்தலைச் சத்தமாகச் சொல்லி இருவரும் அவரவர் பலகையில் வைப்பார்கள். பி, டி, ஈ எல்லாம் காதில் ஒன்றுபோல விழும் என்பதால் அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபீலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர் என்று ஏ முதல் எச் வரையான நெடுவரிசைகளுக்குப் பெயர் உண்டு.

நடத்துபவர்கள் செய்ய வேண்டியது: இரண்டு பலகை கொள்ளும் அகலமான மேசை, மற்றவர்களுக்குக் குரல் தொந்தரவாகாத ஓரத்து இடம், தொட்டோ காதில் மாட்டிக் கேட்டோ நேரம் அறியும் கடிகாரம். ஒவ்வொரு சுற்றுக்கும் அவரை வேறு மேசைக்கு மாற்றாதீர்கள்.

வீல்சேர் வந்தா எங்க வுட்டன் கோர்ட் போயிடும்னு கிளப்ல சொல்றாங்க.

கருப்பு ரப்பர் டயர்தான் கோடு போடும். கறை படாத சாம்பல் நிற டயர் போட்டு, வாசலில் ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்துவிட்டு வந்தால் ஷூவைவிட அதிகமாக எதுவும் ஆகாது. கீறல் பெரும்பாலும் டயரில் ஒட்டிய மணலாலும், கால் தாங்கியின் இரும்பு முனை தரையில் உரசுவதாலும் வருகிறது. முனைக்கு ரப்பர் உறை போடுங்கள். உருட்டி விரித்த சிந்தெடிக் மேட் மட்டும் உண்மையிலேயே பிரச்சினை. சட்டென்று திரும்பினால் மேட் சுருளும், ஓரங்களை டேப் போட்டு ஒட்ட வேண்டும்.

அதைவிட வாசல்படியைப் பாருங்கள். சரிவுப்பாதைக்கு 1:12 கணக்கு: 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளம். மூன்றடிப் பலகையைச் சாய்த்துவிட்டு "ரேம்ப் போட்டாச்சு" என்பது ஆளை மல்லாக்கத் தள்ளும் ஏற்பாடு.

எல்லாரும் உட்கார்ந்தே ஆடினா என்ன?

நல்ல யோசனை. உட்கார்ந்து ஆடும் வாலிபாலுக்கு 10×6 மீட்டர் இடம் போதும். வலை ஆண்களுக்கு 1.15, பெண்களுக்கு 1.05 மீட்டர். நடப்பவர்களும் சேரலாம், முதல் வாரம் அவர்கள்தான் திணறுவார்கள். கனடாவின் உள்நாட்டு வீல்சேர் கூடைப்பந்தில் குறைபாடு இல்லாதவர்களும் நாற்காலியில் ஆடுகிறார்கள். ஆனால் வாரம் முழுவதும் இதுவே என்றால், முதல் கேள்வியில் வந்த பெண்ணுக்கு வழக்கமான ஆட்டத்தில் இடம் கிடைக்காமலே போகும். கூடுதல் ஆட்டமாக வையுங்கள்.

"இவனுக்கு மட்டும் சலுகையா? அந்தக் கருவியே அட்வான்டேஜ்தானே"ன்னு மத்த அப்பா அம்மா கேட்கிறாங்க. என்ன சொல்றது?

பள்ளி, கிளப் அளவில் பதில் எளிது: 11 புள்ளி ஆடிக் காட்டுங்கள், ஒருபக்கமாகப் போனால் மேலே ஷட்டில் கேள்வியில் சொன்னபடி திருத்துங்கள். பதக்கம், தேர்வு என்று வரும்போதுதான் சிக்கல். பிளேடு ஓட்டக்காரர்கள் விஷயத்தில் உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. 2008இல் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் மீதான தடையை விளையாட்டு நடுவர் மன்றம் நீக்கியது. அவர் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஓடினார். 2020இல் பிளேக் லீப்பர் வழக்கில் அதே மன்றம், சாதகம் இல்லை என்று நிரூபிக்கும் சுமையை ஓட்டக்காரர் மேல் போட்ட விதி செல்லாது என்றது. ஆனாலும் அவருடைய பிளேடுகள் அவரை அளவுக்கு மீறி உயரமாக்குகின்றன என்று அனுமதி மறுத்தது.

நமக்குப் பயன்படும் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் கால் குறைபாடுள்ள கோல்ஃப் வீரர் கேசி மார்ட்டின் வழக்கில் கேட்டதுதான்: இந்த மாற்றம் ஆட்டத்தின் அடிப்படையையே மாற்றுகிறதா? அவர் நடக்காமல் வண்டியில் போவது மாற்றவில்லை என்று தீர்ப்பானது. வில்வித்தையில் அம்பு இலக்கில் படுவதுதான் ஆட்டம். கைகள் இல்லாத ஷீதல் தேவி வில்லைக் காலால் பிடித்து, தோளில் மாட்டிய ரிலீஸ் கருவியால் நாணை இழுத்து எய்கிறார். 2025இல் இந்தியாவின் பொது ஜூனியர் அணிக்கே தேர்வானார். நூறு மீட்டர் ஓட்டத்தில் கால்தான் ஆட்டம், அங்கே தகராறு நியாயமானது. இந்தக் கேள்வியை வைத்து ஆட்டத்துக்கு ஆட்டம் முடிவெடுங்கள்.

பணத்துக்கும் கருவிக்கும் யாரை அணுகணும்?

முதலில் யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை). அது இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மாவட்ட விளையாட்டு அலுவலர் இரண்டு பேரிடமும் எழுதிக் கொடுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு உண்டு. அதில் பங்கேற்ற சான்று விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மருத்துவமனை மாடல்தான் வரும். எந்த ஆட்டம், எத்தனை டிகிரி கேம்பர், மேலே அளவுக் கேள்வியில் சொன்ன எல்லா அளவும், தயாரிப்பாளரின் விலைப்புள்ளி எல்லாவற்றையும் இணையுங்கள்.

போன வருஷம் வாங்கின ஸ்போர்ட்ஸ் வீல்சேர் ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல கிடக்கு. என்ன ஆச்சுன்னே தெரியல.

அநேகமாகப் பஞ்சர். அதற்கடுத்து முன்சக்கரப் பேரிங். பல நாற்காலிகளில் இருப்பது 608 என்ற எண்ணுள்ள பேரிங், 8 மி.மீ. துளை, ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்கும் அதே பேரிங், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பழையதன் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஸ்போக் தளர்ந்திருந்தால் சைக்கிள் கடைக்காரர் முறுக்கித் தருவார். இவை சரியாக இருந்தும் வண்டி கனத்தால், பட்டறைக் கேள்வியில் சொன்ன டேப் சோதனையைச் செய்யுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் பிள்ளை வளர்ந்துவிட்டது என்றால் பூட்டி வைக்காமல் அந்த அளவுள்ள வேறு பள்ளிக்கு மாற்றிக் கொடுங்கள். புதிதாக வாங்கும்போதே இரண்டு டியூப், ஒரு டயர், நான்கு பேரிங், ஆறு ஸ்போக், ஆலன் கீ செட், நல்ல காற்றடிக்கும் பம்ப் ஆகியவற்றை ஒரே பில்லில் சேர்த்து வாங்குங்கள். சாவி தலைமை ஆசிரியர் அறையில் இருக்க வேண்டாம். ஆடுகிற பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.